கள்ளக்காசு இல்லை, மாதிரிக்காசு: அகசேகாவா கென்பெய்யின் ஆயிரம் யென்

1963 ஜனவரி மாதம். டோக்கியோவில் சிலருடைய வீட்டுக்குத் தபாலில் ஒரு உறை வருகிறது. யப்பானில் தபால் வழியாகக் காசு அனுப்புவதற்கென்றே தனியான பதிவுத்தபால் உறை ஒன்று உண்டு. அந்த உறைதான். யாரோ காசு அனுப்பியிருக்கினம் எண்டு நினைத்துப் பிரித்தால், உள்ளே ஒரு ஆயிரம் யென் தாள். ஆனால் நிறம் சரியில்லை. ஒரே மையில் அடித்திருக்கிறது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் காசே இல்லை, ஒரு கண்காட்சிக்கான அழைப்பு. ஷின்ஜுகுவில் ஒரு கலரி, பெப்ரவரி மாதம், தலைப்பு ‘தெளிவில்லாத கடலைப் பற்றி’.

அனுப்பியவருக்கு அப்போது வயது 25. பெயர் அகசேகாவா கென்பெய். (யப்பானியர் குடும்பப் பெயரைத்தான் முதல் சொல்லுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.) இந்தச் சின்னத் தாள் அவரை ஏழு வருடம் பொலிஸ், நீதிமன்றம், மேன்முறையீடு என்று இழுத்துக்கொண்டு போய் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் விட்டது. ‘கலை என்றால் என்ன’ என்ற கேள்வியை நாங்கள் விரிவுரை மண்டபத்தில் அரைத் தூக்கத்தில் கேட்டிருக்கிறோம். அதே கேள்வியை ஒரு நீதிபதி, தண்டனை குடுக்கிறதா விடுறதா என்று முடிவெடுப்பதற்காக மினக்கெட்டு யோசிக்க வேண்டி வந்தது. எனக்கு இந்த மனிசனில் பிடிப்பு வந்தது அதனால்தான்.

யப்பானிய நவீன ஓவியர் என்று கேட்டால் எங்களில் கனபேருக்கு யாயோய் குசாமாவின் புள்ளிப் பூசணிக்காய் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் யோகோ ஓனோ. அகசேகாவாவின் பெயர் யப்பானுக்கு வெளியில் அந்தளவுக்குப் போகவில்லை. அவர் செய்தவற்றை ஒரு சுவரில் மாட்டி ஃபோட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போட ஏலாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1937 மார்ச்சில் யொகொஹாமாவில் பிறந்தவர். சொந்தப் பெயர் கட்சுஹிகோ. சின்ன வயதில் குடும்பம் ஊர் ஊராக மாறியிருக்கிறது, கூடுதலாக வளர்ந்தது தெற்கே கியூஷு தீவில் ஒய்தா என்ற நகரத்தில். யுத்தம் முடியும்போது அவருக்கு எட்டு வயது. ஒய்தாவில் ஓவியம் கீறுகிற இளம் பெடியளின் வட்டம் ஒன்று இருந்தது. பிறகு உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் இசொசாகி அரதாவும், யொஷிமுரா மசனொபுவும் அந்த வட்டத்து ஆட்கள்தான். அங்கிருந்து டோக்கியோவுக்கு வந்து முசஷினோ கலைக் கல்லூரியில் எண்ணெய் ஓவியம் படிக்கத் தொடங்கினார். கையில் காசு இல்லை. முன்னாலும் பின்னாலும் விளம்பரப் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு றோட்டில் நடக்கிற வேலை செய்திருக்கிறார். படிப்பை முடிக்கவில்லை.

1960ஐ விளங்காமல் இந்த ஆளை விளங்க ஏலாது. அந்த வருடம் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க யப்பான் அரசாங்கம் முயன்றபோது லட்சக்கணக்கான சனம் தெருவில் இறங்கியது. ஜூன் 15ஆம் திகதி பாராளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்த மாணவர்களுக்கும் பொலிசுக்கும் நடந்த மோதலில் டோக்கியோ பல்கலைக்கழக மாணவி கன்பா மிச்சிகோ இறந்துபோனார். அவருக்கு வயது 22. பிரதமர் கிஷி பதவி விலகினார், ஆனால் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. அடுத்து வந்த பிரதமர் இகேடா அரசியலைக் கதைக்காமல் காசைக் கதைத்தார். பத்து வருடத்தில் நாட்டின் வருமானத்தை இரண்டு மடங்காக்குவேன் என்ற திட்டத்தோடு வந்தார். அது பலித்தும் விட்டது. தெருவில் நின்ற சனம் ஃபிரிஜ்ஜும் ரீவியும் வாங்க வீட்டுக்குப் போனது. இப்படி ஒரே வரியில் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான், ஆனால் அந்தத் தலைமுறைக் கலைஞர்களுக்கு அது அப்படித்தான் பட்டிருக்கிறது.

அதே 1960இல் யொஷிமுரா, ஷினொஹாரா உஷியோ, அரகாவா ஷூசாகு போன்றவர்களோடு சேர்ந்து ‘நியோ டாடா’ என்ற குழுவில் அகசேகாவாவும் இருந்தார். ஷின்ஜுகுவில் யொஷிமுராவுக்காக இசொசாகி வடிவமைத்த வீடுதான் இவர்களுடைய கூடாரம். குடி, கூச்சல், உடைப்பு. ஷினொஹாரா பொக்ஸிங் கையுறையில் மையைத் தோய்த்துச் சுவரைக் குத்துவார், அது ஓவியம். இவர்கள் தங்களுடைய வேலைகளைக் காட்டிய முக்கியமான இடம் ‘யொமியுரி இன்டிபென்டன்ட்’ கண்காட்சி. யொமியுரி பத்திரிகை 1949இல் தொடங்கியது. அதில் தெரிவுக்குழு கிடையாது, யாரும் எதையும் கொண்டு வந்து வைக்கலாம். யாரும் எதையும் என்று சொன்னால் பெடியள் விடுவாங்களோ? அழுகுகிற சாப்பாடு, கத்தி, காதைப் பிளக்கிற சத்தம் எல்லாம் வந்து சேர்ந்தது. 1962 கடைசியில் கலைக்கூடம் இதெல்லாம் கூடாதென்று விதி போட்டது. 1963 மார்ச் கண்காட்சிதான் கடைசி. அகசேகாவா அங்கே 1961இல் வைத்தது வாகன ரயரின் உள் ரியூப்புகளை வெட்டி விரித்துத் தைத்த ஒரு பெரிய சிவப்புப் பரப்பு. பார்த்தால் தோல் உரித்த உடம்பு மாதிரி இருக்கும். அவருக்குக் குப்பையில் அப்பவே ஒரு கண்.

ஆனால் அவருடைய பெரிய பொருள் குப்பை இல்லை, காசு. அந்தக் கடைசிக் கண்காட்சியில் அவர் வைத்தது ஒரு ஆளின் நீளத்துக்குப் பெருப்பித்துக் கையால் கீறிய ஆயிரம் யென் தாள். ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோடாகப் பார்த்துப் பார்த்துக் கீறியிருக்கிறார், முழுதாக முடிக்கவும் இல்லை. அதன் பெயர் ‘பழிவாங்கலின் உருவியல்’, அடைப்புக்குறிக்குள், ‘கொல்ல முதல் ஆளை வடிவாப் பார்’ என்ற கருத்தில் ஒரு துணைத் தலைப்பு. இந்தத் தலைப்பைப் படித்த பிறகு நான் எனது பேர்ஸிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எத்தனையோ வருடமாகக் கையில் வைத்திருந்த சாமான், ஒருநாளும் பார்த்ததில்லை. நாங்கள் தாளைப் பார்ப்பதே இல்லை, இலக்கத்தை மட்டும்தான் பார்க்கிறோம்.

கையால் கீறினால் ஓவியம். அச்சுக்கூடத்தில் குடுத்து அடித்தால்? அதுதான் அந்த அழைப்பிதழ். பிறகு அதே அச்சுத் தாள்களை இன்னும் அடித்து, அவற்றால் சாமான்களைச் சுற்றத் தொடங்கினார். சுத்தியல், கத்தரிக்கோல், பை என்று கையில் அகப்பட்டதெல்லாம் ஆயிரம் யென்னால் பொதி செய்யப்பட்டது.

இந்த நேரத்தில் நாட்டில் உண்மையாகவே ஒரு கள்ளக்காசு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1961 டிசம்பரில் அகிடா நகரத்தில் முதல் தாள் பிடிபட்டது. பொலிஸ் அதற்கு வைத்த பெயர் ‘சி-37’. மிகத் திறமான ஆயிரம் யென் கள்ளத்தாள்கள், 300க்கு மேல் பிடிபட்டும் அடித்த ஆள் அகப்படவில்லை. கடைசி வரைக்கும் அகப்படவே இல்லை. அரசாங்கம் வேறு வழியில்லாமல் 1963 நவம்பரில் ஆயிரம் யென் தாளையே மாற்றியது. இளவரசர் ஷொட்டொகுவின் முகம் போய் முன்னாள் பிரதமர் இடோ ஹிரொபுமியின் முகம் வந்தது. அகசேகாவா அடித்தது பழைய ஷொட்டொகு தாள். இப்போது பொலிசின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள்: நாடு முழுக்கத் தேடியும் ஆயிரம் யென் கள்ளன் கிடைக்கவில்லை, அப்போது ஒருத்தன் தன்னுடைய பெயரையும் கண்காட்சி விலாசத்தையும் பின்பக்கத்தில் அச்சடித்து ஆயிரம் யென் தாளை வீடு வீடாக அனுப்பியிருக்கிறான்!

பொலிஸ் அவரிடம் வந்து சேர்ந்தது நேராக அல்ல, ஒரு சுற்றுவழியாக. மாணவர்கள் கொஞ்சப் பேர் போட்ட ஒரு புத்தகத்தை ஆபாசப் படம் இருக்கென்று பொலிஸ் ஆராய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் இவருடைய ஆயிரம் யென்னும் இருந்தது. 1964 ஜனவரியில் விசாரணை தொடங்கியது.

அதே மாதம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமோ? டோக்கியோ இம்பீரியல் ஹொட்டலில் ஒரு அறை எடுத்து ஆட்களுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். 1963இல் தகமட்சு ஜிரோ, நகனிஷி நட்சுயுகி என்ற இரண்டு நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய குழு ‘ஹை ரெட் சென்டர்’. பெயரில் ஒரு பகிடி இருக்கு. தகமட்சுவின் ‘தக’ என்றால் உயரம், அகசேகாவாவின் ‘அக’ சிவப்பு, நகனிஷியின் ‘நக’ நடு. அதை ஆங்கிலத்தில் போட்டு ஏதோ பெரிய நிறுவனம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். நகனிஷியும் தகமட்சுவும் அதற்கு முதல் வருடமே டோக்கியோவின் யமனொட்டே ரயிலில் முகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டு, முட்டை வடிவத்தில் செய்த விசித்திரமான பொருட்களைக் கைபிடியில் தொங்கவிட்டுப் பயணம் செய்தவர்கள். வேலைக்குப் போகிற சனம் பார்த்தும் பாராத மாதிரி இருந்திருக்கும், எங்கட பஸ்ஸிலும் அப்படித்தானே.

ஹொட்டலில் நடந்தது ‘ஷெல்டர் பிளான்’. அணுகுண்டுப் பயம் இருந்த காலம். அழைப்பு வைத்துக் கூப்பிட்ட விருந்தினர் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவுக்குத் தனி ஆள் பதுங்குகுழி செய்து தருவதாகச் சொல்லி, உயரம், நிறை எல்லாம் அளந்து, முன், பின், இடம், வலம், மேல், கீழ் என்று ஆறு பக்கத்திலும் ஃபோட்டோ எடுத்தார்கள். வந்தவர்களில் யோகோ ஓனோவும் நாம் ஜூன் பைக்கும் அடக்கம். பங்கர் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த குடும்பத்துப் பிள்ளையாக எனக்கு முதலில் இதில் சிரிப்பு வரவில்லை. பங்கரை ஆறு பக்க ஃபோட்டோவாக விளையாட, அதற்குள் இருந்து பழகாத ஆட்களாலதான் முடியும் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: குண்டு விழுந்த நாட்டில், விழுந்து 19 வருடத்துக்குள், குண்டைப் பார்த்த தலைமுறைதான் இதைச் செய்திருக்கு.

எனக்குப் பிடித்தது அடுத்தது. 1964 ஒக்டோபர், டோக்கியோ ஒலிம்பிக். உலகம் வருகுதென்று நகரத்தையே கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதிவேக ரயில் அந்த மாதம் முதலாம் திகதிதான் ஓடத் தொடங்கியது. ஒக்டோபர் 16ஆம் திகதி, ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கும்போதே, டோக்கியோவின் விலை கூடின கடைத்தெருவான கின்ஸாவில் ஹை ரெட் சென்டர் ஆட்கள் வெள்ளைக் கோட், முகமூடி, கைப்பட்டியோடு இறங்கினார்கள். துப்புரவு நடக்கிறது என்ற பலகையும் வைத்தாச்சு. பிறகு முழங்காலில் இருந்து நடைபாதைக் கல்லை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார்கள். தும்புத்தடியால் கூட்டியது மட்டுமில்லை, துணியாலும் பஞ்சாலும் மருந்து போட்டுக் காயம் துடைக்கிற மாதிரித் துடைத்தார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க என்ன இருக்கு? அரசாங்கம் சொன்னதைத்தான் செய்கிறார்கள், கொஞ்சம் கூடுதலாக. அந்தப் படங்களைப் பார்த்தால் பக்கத்தால் போகிறவர்களுக்கு இது கலையா மாநகர சபை வேலையா என்ற சந்தேகமே வந்ததாகத் தெரியவில்லை. பிறகு நியூயோர்க்கில் ஃப்ளக்ஸஸ் குழுவும் இதைத் திருப்பிச் செய்து பார்த்தது.

வழக்குக்கு வருவோம். 1965 நவம்பரில் குற்றம் சாட்டப்பட்டது. அச்சடித்துக் குடுத்த ஆட்களும் மாட்டுப்பட்டார்கள். (பாவம், இந்தக் கதையில் நான் கூடுதலாக இரக்கப்படுவது அவர்களுக்குத்தான். கலையும் தெரியாது, எதிர்க்கலையும் தெரியாது, ஓர்டர் வந்தது, அடித்தார்கள்.) குற்றச்சாட்டு கள்ளக்காசு அடித்ததென்று அல்ல. 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. காசுத்தாளோடு மாறிப்போகக்கூடிய தோற்றத்தில் எதையும் ‘போலச் செய்யக்’ கூடாது என்பது அந்தச் சட்டம். ஏமாற்றுகிற எண்ணம் இருந்ததா இல்லையா என்ற கேள்வியே அதற்குத் தேவையில்லை. எங்கட நாட்டிலும் அனுமதி இல்லாமல் காசுத்தாளை நகலெடுக்கிறது குற்றம்தான், இதை வாசித்துவிட்டு யாரும் கலை செய்யிறம் எண்டு வெளிக்கிட வேண்டாம்.

அகசேகாவா சொன்ன பதில் அழகானது. நான் செய்தது கள்ளக்காசும் இல்லை, போலிக்காசும் இல்லை, மாதிரிக்காசு என்றார். விமானத்தின் மாதிரி பறக்காது, பறக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அதுபோல இந்தத் தாளால் எதையும் வாங்க ஏலாது. வாங்க முடியாத காசு என்பதுதான் அதன் முழு அர்த்தமும். ‘கள்ளக்காசு’ என்ற சொல்லுக்கும் ‘மாதிரிக்காசு’ என்ற சொல்லுக்கும் இடையில் அவர் தன் விடுதலையை வைத்தார்.

1966 ஓகஸ்டில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. விமர்சகர்களும் கவிஞர்களும் ஓவியர்களும் சாட்சியாகவும் துணையாகவும் வந்தார்கள். யப்பானுக்கு சர்ரியலிசத்தைக் கொண்டுவந்தவர்களில் மூத்தவரான தகிகுச்சி ஷூசோ, விமர்சகர்கள் நகஹாரா யூசுகே, ஹரியு இச்சிரோ எல்லோரும் அவருடைய பக்கம். இவர்கள் செய்வதெல்லாம் கலைதான் என்று காட்டுவதற்காகப் படைப்புகளையே சாட்சிப் பொருளாகக் கொண்டுவந்து நீதிமன்றத்துக்குள் பரப்பினார்கள். நீதிபதிகள் முன்னால் அந்த அறை ஒரு கண்காட்சி மாதிரி ஆகிவிட்டது. யொமியுரி கண்காட்சி மூடின பிறகு, தெரிவுக்குழு இல்லாமல் படைப்பு வைக்கக் கிடைத்த இடம் நீதிமன்றம்தான் போல.

பகிடி ஒரு பக்கம் இருக்கட்டும், இதில் ஒரு பெரிய பொறி இருந்தது. இவர்கள் ஐந்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்தது என்ன? கலை என்ற புனிதமான பெட்டியை உடைக்கவேண்டும், கலைக்கும் றோட்டுக்கும் வித்தியாசம் இருக்கக்கூடாது. இப்போது சிறைக்குப் போகாமல் இருக்கவேண்டும் என்றால் அதே பெட்டிக்குள் ஓடிப்போய் ஒளிக்கவேண்டும், ‘ஐயா, இது கலை, ஆகவே குற்றம் இல்லை’ என்று சொல்லவேண்டும். எதிர்க்கலைக்காரர் கலையின் பெயரால் மன்னிப்புக் கேட்கிற நிலைமை. சில ஆய்வாளர்கள் இதை ஒரு தோல்வியாகப் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வழக்கில் நிற்கிற ஒருத்தரிடம் கொள்கைச் சுத்தம் கேட்பது வெளியில் இருக்கிறவர்களுக்குச் சுகமான வேலை. அதோடு, அகசேகாவா அந்த முரணை மறைக்கவும் இல்லை. வழக்கைப் பற்றித் தானே தொடர்ந்து எழுதினார்.

1967 ஜூன் 24 தீர்ப்பு. குற்றவாளி. கடூழியத்துடன் மூன்று மாதச் சிறை, ஒரு வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. கலையாக இருக்கலாம், ஆனாலும் குற்றம் குற்றமே என்ற மாதிரியான நிலைப்பாடு. நக்கீரர் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. மேன்முறையீடு செய்தார். 1970இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது.

சிறைக்குப் போகவில்லை. அவர் செய்த அடுத்த வேலையைப் பாருங்கள். 1967இலேயே ‘பெரும் யப்பான் பூச்சிய யென் தாள்’ ஒன்றை அச்சடித்தார். இப்படி ஒரு தாள் உலகத்தில் இல்லை, ஆகவே இது எதையும் போலச் செய்ததில்லை, ஆகவே எந்தச் சட்டமும் தொடாது. இதை 300 யென் நிஜக் காசுக்கு மாற்றிக் குடுத்தார். எல்லாரும் மாற்றிக்கொண்டே வந்தால் ஒருநாள் நாட்டில் இருக்கிற நிஜக் காசெல்லாம் அவரிடம், சனத்திடம் பூச்சியம் மட்டும். கணக்கு சரிதானே.

1970இல் ‘அசாஹி ஜேர்னல்’ என்ற வாரப் பத்திரிகையில் ‘சகுரா கஹோ’ என்ற சித்திரத் தொடரைத் தொடங்கினார். மாணவர் போராட்டம் அடங்கிக்கொண்டிருந்த காலம், அதன் வாசகர்களும் அந்தப் பெடியள்தான். 1971 மார்ச்சில் ஒரு இதழில் பழைய பாடப்புத்தகத்தின் சூரிய உதயத்தையும் அசாஹி பத்திரிகையின் பெயரையும் சேர்த்துக் கேலி செய்தார் (அசாஹி என்றால் காலைச் சூரியன்). நிறுவனம் அந்த இதழைக் கடைகளிலிருந்து திருப்பி எடுத்தது, தொடரும் நின்றுபோனது. அரசாங்கத்தைப் பகிடி பண்ணலாம், சம்பளம் தருகிறவனைப் பண்ண ஏலாது. இது எந்த நாட்டுப் பத்திரிகைக்கும் பொருந்தும், மேலே போவோம்.

அந்தக் காலத்திலேயே ‘பிகக்கோ’ என்ற சுதந்திரக் கலைப்பள்ளியில் படிப்பிக்கவும் செய்தார். ‘சொலிட்டரி குர்மே’ என்ற நாடகம் பார்த்தவர்கள் இருப்பீர்கள், கோட் போட்ட ஒரு ஆள் தனியச் சாப்பிட்டுக்கொண்டே திரிவார். அதன் மூலக்கதையை எழுதிய குசுமி மசயுகி அங்கே இவரிடம் படித்தவர். எனக்கு இது தெரிந்தபோது பெரிய ஆச்சரியம் வரவில்லை. ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையை அவ்வளவு கவனமாகப் பார்க்கிற பழக்கம் எங்கேயோ இருந்து வந்திருக்கத்தானே வேணும்.

பார்க்கிற பழக்கம் என்று சொன்னதால் 1972க்கு வருகிறேன். டோக்கியோவின் யொட்சுயா பகுதியில் மத்தியானச் சாப்பாட்டுக்காக இரண்டு நண்பர்களோடு நடந்து போகும்போது ஒரு விடுதிச் சுவரோடு சேர்ந்த ஒரு படிக்கட்டைக் கண்டார். ஒரு பக்கத்தால் ஏறலாம், மற்றப் பக்கத்தால் இறங்கலாம். மேலே கதவு இல்லை. முந்தி இருந்திருக்கும், பிறகு அடைத்துவிட்டார்கள். ஏறி இறங்க மட்டும் ஒரு படிக்கட்டு. இதுகூடப் பெரிய விசயம் இல்லை. அந்தப் படியின் மரக் கைப்பிடியில் உடைந்த ஒரு துண்டைப் புது மரம் போட்டுத் திருத்தியிருந்தார்கள். யாரும் ஏறாத படிக்கட்டை யாரோ பராமரிக்கிறார்கள்! பிறகு எகொடா ரயில் நிலையத்தில் பாவனையில் இல்லாத ரிக்கற் யன்னல் ஒன்றைக் கண்டார். கைகள் உரசி உரசிக் குழிந்துபோன அடிப்பலகையின் வளைவுக்கு அளவாகப் பலகை வெட்டி அடைத்திருந்தது. இன்னொரு இடத்தில் முழுக்கச் சீமெந்து பூசி மூடிய வாசல், மேலே மழைக்கூரை மட்டும் கம்பீரமாக.

பயன் ஒன்றும் இல்லை, ஆனால் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டு அழகாகப் பராமரிக்கப்படுகிறது. கலைஞர் என்று யாரும் இல்லை, செய்தவருக்கே தான் என்ன செய்தார் என்று தெரியாது. இது கலையையும் தாண்டினது, ‘ஹைப்பர் ஆர்ட்’ என்றார் அகசேகாவா. பெயர் வைத்த கதை இன்னும் நல்லம். 1980களின் தொடக்கத்தில் யொமியுரி ஜயன்ற்ஸ் பேஸ்போல் அணி அமெரிக்காவிலிருந்து கேரி தோமஸன் என்ற வீரரைப் பெருங்காசு குடுத்துக் கொண்டுவந்தது. ஆள் வீசுவார், வீசுவார், பந்தில் படாது. ஆனாலும் அணி அவரை வைத்திருந்தது. பயனில்லை, ஆனால் பராமரிப்பு. ஆகவே அந்தப் படிக்கட்டுக்குப் பெயர் ‘தோமஸன்’. அந்த மனிசனுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான், தோற்றதற்காக ஒரு மொழியில் நிரந்தரமாகச் சொல்லாகிப்போனார்.

ஒரு சஞ்சிகையில் இதைத் தொடராக எழுத, வாசகர்கள் நாடு முழுக்க இருந்து தோமஸன்களைப் படம் எடுத்து, இடம், திகதி, விபரம் போட்டு அனுப்பத் தொடங்கினார்கள். 1985இல் புத்தகமாக வந்தது. அதிலே மறக்க முடியாத படம் ஒரு புகைக்கூண்டு. அசாபு பகுதியில் ஒரு பழைய குடியிருப்பை முழுதாக இடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வளாகம் கட்டப்போகிறார்கள். பொதுக்குளிப்பிடம் ஒன்று போய்விட்டது, அதன் உயரமான புகைக்கூண்டு மட்டும் தனிய நிற்கிறது. இளம் படப்பிடிப்பாளர் ஈமுரா அகிஹிகோ அதன் உச்சிக்கு ஏறி, பிடிக்க ஒன்றும் இல்லாத விளிம்பில் எழும்பி நின்று, ஒரு தடியின் முனையில் கமராவைக் கட்டித் தன்னையும் கீழே இருக்கிற நகரத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறார். செல்ஃபி ஸ்டிக் எல்லாம் வர முதல். பார்க்கும்போது கால் கூசும். கீழே தெரிகிற வீடுகள் அடுத்த சில மாதத்தில் இல்லை. பகிடியாகத் தொடங்கின ஒரு விளையாட்டு, காணி விலை ஏற ஏற டோக்கியோ தன்னையே தின்றுகொண்டிருந்த காலத்தின் பதிவாக மாறிப்போச்சு. 1986இல் கட்டட வரலாற்றாளர் ஃபுஜிமொரி தெருநொபு போன்றவர்களோடு சேர்ந்து ‘தெரு அவதானிப்புக் கழகம்’ என்று ஒன்றையும் அமைத்தார்கள்.

இதை வாசித்த நாட்களில் நானும் கண்ட இடமெல்லாம் தோமஸன் தேடினேன். யாழ்ப்பாணத்தில் கூரை இல்லாத வீட்டுக்குள் மேலே போகிற படிக்கட்டு எத்தனை பார்த்திருப்போம். இரண்டு மூன்றைப் படம் எடுத்தும் வைத்தேன். பிறகு அழித்துவிட்டேன். அவை தோமஸன் இல்லை. தோமஸனுக்கு இரண்டாவது நிபந்தனை பராமரிப்பு, யாரோ ஒருத்தர் கைப்பிடியைத் திருத்தவேண்டும். அந்த வீடுகளின் படியைத் திருத்த ஆள் இல்லை என்பதுதான் அவற்றின் கதையே. அதற்கு வேறு பெயர் வேண்டும், டோக்கியோவிலிருந்து இரவல் வாங்க ஏலாது.

கொஞ்சப் பேர் சொல்லுவினம், ஆயிரம் யென் அகசேகாவா வேறு, தோமஸன் அகசேகாவா வேறு; முதலாவது ஆள் அரசுக்கு எதிராக நின்றவர், இரண்டாவது ஆள் கமராவோடு உலா போகிற மனிசன் என்று. எனக்கு இரண்டும் ஒரே ஆள்தான். காசுத்தாளைத் தாளாகப் பாருங்கள். எழுத இடமில்லை, துடைக்க ஏலாது, சுற்றக்கூட அளவு போதாது, தாளாக அதற்குப் பயனே இல்லை. ஆனாலும் பொலிஸ், நீதிமன்றம், மத்திய வங்கி எல்லாம் சேர்ந்து அதைப் பராமரிக்கிறது. நாட்டின் மிகப் பெரிய தோமஸன் அதுதான். இப்படி அவர் எங்கேயாவது எழுதியிருக்கிறாரோ தெரியாது, இது என்னுடைய வாசிப்பு.

பின்னாட்களில் அவர் பெரும் புகழ் பெற்றார், அதுவும் எதிர்பாராத பக்கத்தால். ஒட்சுஜி கட்சுஹிகோ என்ற புனைபெயரில் எழுதிய ‘அப்பா மறைந்துபோனார்’ என்ற கதைக்கு 1981இல் யப்பானின் பெரிய இலக்கியப் பரிசான அகுதகவா பரிசு கிடைத்தது. 1998இல் ‘ரோஜின்ரியொகு’ என்ற புத்தகம், அதாவது ‘கிழட்டுப் பலம்’. மறதி வருவது பலவீனம் இல்லை, மறக்கிற பலம் கூடுகிறது என்று சொல்லுங்கோ என்ற பகிடி. அது அமோகமாக விற்று, அந்தச் சொல்லே நாடு முழுக்கப் பரவியது. ஃபுஜிமொரி இவருக்குக் கட்டிக் குடுத்த வீட்டின் கூரை முழுக்க நிரா என்ற ஒருவகை வெங்காயத்தாள் சட்டி சட்டியாக முளைத்திருக்கும். குற்றவாளியாகத் தீர்ப்பு வாங்கின எதிர்க்கலைஞர், கடைசியில் எல்லாருக்கும் பிடித்த வேடிக்கையான தாத்தா. எனக்கு அந்தத் தாத்தாவில் பெரிய ஈர்ப்பு இல்லை, ஆனால் அவருடைய வாசகர்களில் எத்தனை பேருக்கு அந்த வழக்கு ஞாபகம் இருந்திருக்கும் என்று யோசிப்பதுண்டு.

2014 ஒக்டோபர் 26ஆம் திகதி, 77 வயதில் காலமானார். சிபா நகரக் கலைக்கூடத்தில் அவருடைய முழு வாழ்க்கைப் படைப்புகளின் பெரிய கண்காட்சி முன்கூட்டியே ஏற்பாடாகியிருந்தது. அது திறந்தது 28ஆம் திகதி.

அவருடைய படைப்புகளில் நானே செய்து பார்க்கக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். 1964இல் செய்த ‘பேணியில் அடைத்த பிரபஞ்சம்’. ஒரு நண்டுப் பேணியைத் திறந்து, நண்டைச் சாப்பிட்டு, வெளியில் ஒட்டியிருந்த லேபிளைக் கழற்றி உட்பக்கத்தில் ஒட்டி மூடிவிட்டார். லேபிள் எந்தப் பக்கம் இருக்கோ அது வெளிப்பக்கம். அப்படியென்றால் பேணியின் உள்பக்கம் இப்போது வெளி. வெளியில் இருக்கிற நாங்கள், நிலா, நட்சத்திரம் எல்லாம் உள்ளே. போன மாதம் போர்டிங்கில் ரின்மீன் கறி வைத்த அன்று, வெறும் பேணியின் லேபிளை மெதுவாகக் கழற்றி உள்ளே ஒட்டினேன். மூடியை ஒட்டுவதற்குப் பசை போதவில்லை, அதால பிரபஞ்சம் கொஞ்சம் திறந்தபடிதான் இருக்கு. அறைத்தோழி வந்து எட்டிப் பார்த்தாள். நான் ஆயிரம் யென்னில் தொடங்கி முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "அது சரி, பேணியைக் கழுவினியா? எறும்பு வருது" என்றாள்.